வாசிக்கிறான், ஆனால் விளங்கவில்லை: பிள்ளைகளின் கிரகித்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர் கூட்டம் கிளிநொச்சியில் நடந்தாலும் துணுக்காயில் நடந்தாலும், தமிழ்ப் பாடம் பற்றிய கதை கடைசியில் ஓர் இடத்தில்தான் வந்து நிற்கும். "பிள்ளை தடங்கல் இல்லாமல் வாசிக்கிறான் ரீச்சர். வாசித்தது என்னவென்று கேட்டால் மட்டும் முழிக்கிறான்." தரம் 3 முதல் தரம் 6 வரையான பிள்ளைகளின் பெற்றோரும், வன்னிக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்த இளம் ஆசிரியர்களும் இது பற்றிக் கேட்பவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. பதில்களில் ஆராய்ச்சி சொல்வதும் இருக்கும், வகுப்பறையில் பார்த்து நான் நம்புவதும் இருக்கும்.

சரளமாக வாசிக்கிற பிள்ளைக்கு எப்படி விளங்காமல் போகும்?

தமிழில் இது மிகச் சுலபமாக நடக்கும். 247 எழுத்து என்று கேட்டால் பயமாக இருக்கிறது. ஆனால் எழுத்துகளையும் குறிகளையும் ஒருமுறை பிடித்துக்கொண்ட பிள்ளை, முன்பின் கேட்டிராத சொல்லைக்கூட வாய்விட்டு வாசித்துவிடும். ஒலி சரியாக வருவதால் விளங்கித்தான் வாசிக்கிறது என்று நாங்களும் நம்பிவிடுகிறோம்.

பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986 இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். வாசித்து விளங்குவது என்பது, எழுத்தை ஒலியாக்கும் திறனைக் காதால் கேட்டு விளங்கும் திறனால் பெருக்கி வருவது. பெருக்கலில் ஒரு பக்கம் பூச்சியம் என்றால் விடையும் பூச்சியம்தான். எழுத்து எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் அந்த மொழிநடையும் விடயமும் பிடிபடாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே முதலில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அதே மட்டத்திலுள்ள வேறொரு பந்தியை நீங்கள் ஆறுதலாக வாசித்துக் காட்டி, கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கேட்கும்போது நன்றாக விளங்கி, தானே வாசிக்கும்போது மட்டும் விளங்காவிட்டால் சிக்கல் எழுத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டுவதிலேயே மூளை களைத்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவை சத்தமாக வாசிக்கும் பயிற்சி, கூடவே ஒரு கண் பரிசோதனை. கேட்டாலும் விளங்கவில்லை என்றால், இந்தப் பக்கம் அந்தப் பிள்ளைக்குத்தான்.

பந்தியை வாசிக்க வைத்து, கீழே உள்ள கேள்விகளுக்கு விடை எழுத வைக்கிறோம். அது கற்பித்தல் இல்லையா?

இல்லை. அது சோதித்தல். என் வாதம் முழுவதுமே இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

டொலோரஸ் டர்க்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களின் இறுதியில் ஆரம்ப வகுப்புகளுக்குள் போய் உட்கார்ந்து, வாசிப்புப் பாட நேரம் எப்படிச் செலவாகிறது என்று குறித்தார். எப்படி விளங்கிக்கொள்வது என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்த நேரம் மொத்தத்தில் ஒரு வீதம்கூட வரவில்லை. மற்ற நேரமெல்லாம் கேள்வி கேட்டார்கள், விடை திருத்தினார்கள், பயிற்சித் தாள் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பறைகளும் இதிலிருந்து தூரத்தில் இல்லை.

கீழே உள்ள வசனத்தைப் பாருங்கள். இதிலுள்ள சொற்களை நானே உண்டாக்கினேன்.

"வாடலன் மிகுக்கியை நொமித்தான்."

வாடலன் எதை நொமித்தான்? மிகுக்கியை. மிகுக்கியை நொமித்தவன் யார்? வாடலன். இரண்டு கேள்விக்கும் முழுப் புள்ளி. ஒன்றுமே விளங்கவில்லை. எங்கள் பிள்ளைகள் பலர் கிரகித்தல் பயிற்சியை இப்படித்தான் செய்து முடிக்கிறார்கள். கேள்வியிலுள்ள சொல் பந்தியில் எங்கே இருக்கிறதென்று தேடி, அந்த வசனத்தை அப்படியே கொப்பியில் எழுதுகிறார்கள். சரி அடையாளமும் கிடைத்துவிடுகிறது. "ஏன்" என்று ஒரு கேள்வி வரும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

அப்படியென்றால் எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

வாசிக்கும்போது உங்கள் மனதுக்குள் நடப்பதைப் பிள்ளைக்கு வெளியே கேட்கும்படி கதையுங்கள். நன்றாக வாசிக்கிறவர்கள் உள்ளுக்குள் நிறைய வேலை செய்கிறார்கள். நின்று யோசிக்கிறார்கள், பின்னுக்குப் போகிறார்கள், ஊகிக்கிறார்கள், ஊகம் பிழைத்தால் மாற்றுகிறார்கள். அதெல்லாம் வெளியே தெரியாது. ரீச்சர் ஒரே மூச்சில் வாசித்து எல்லாவற்றையும் விளங்கிக்கொள்கிறார், தனக்குத்தான் மூளை இல்லை என்று பிள்ளை நினைக்கிறது.

ஒரு பந்தியை வைத்துக் காட்டுகிறேன்.

"மாலை நேரம். குளக்கட்டில் சனம் கூடி நின்றது. மூன்று நாளாக விடாமல் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மாமா அளவுகோல் நாட்டியிருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார். 'இன்னும் அரை அடிதான்' என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் வீட்டுக்குத் திரும்பி, நெல் மூட்டைகளைக் கட்டிலுக்கு மேல் ஏற்றத் தொடங்கினார்."

இதை ஆசிரியரோ தாயோ வாசித்துக் காட்டும்போது, இடையிடையே நின்று, வீட்டில் கதைக்கும் தமிழிலேயே இப்படிச் சொல்லலாம்:

"குளக்கட்டில சனம் நிக்குதாம். ஏன் நிக்குது? இன்னும் சொல்லேல்லை. மனசில வச்சுக்கொண்டு மேல போவம்."

"மூண்டு நாள் மழை. அப்ப குளத்துக்குத் தண்ணி வந்திருக்கும். ஓ, அதைப் பாக்கத்தான் சனம் வந்திருக்குப் போல."

"'இன்னும் அரை அடிதான்.' எதுக்கு அரை அடி? இந்த இடம் எனக்கு விளங்கேல்லை. திரும்ப ஒருக்கா வாசிச்சுப் பாப்பம். அளவுகோலைப் பாத்திட்டுச் சொல்றார். அப்ப குளம் நிரம்பி மேலதிகத் தண்ணி வெளியால வான் பாய இன்னும் அரை அடி இருக்கு."

"அம்மா ஏன் மூட்டையைத் தூக்கி வைக்கிறா? கதையில எழுதேல்லை. ஆனா வான் பாஞ்சா தண்ணி எங்க வரும்? இவையின்ர வீடு பள்ளத்தில இருக்கோணும். அதுதான்."

இந்த நாலு துண்டுக்குள் உத்திகள் எல்லாம் வந்துவிட்டன. கேள்வி எழுப்புதல், முன்னர் தெரிந்ததோடு இணைத்தல், விளங்காத இடத்தில் நின்று திரும்ப வாசித்தல், எழுதாததை ஊகித்தல். இவற்றின் பெயர்களைப் பிள்ளை பாடமாக்கத் தேவையில்லை. "அனுமானித்தல் என்றால் என்ன?" என்று வரைவிலக்கணம் கேட்கும் பயிற்சித் தாளைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இப்படி நாலைந்து பந்திகளை நீங்கள் செய்து காட்டுங்கள். அப்புறம் ஒரு வசனம் நீங்கள், ஒரு வசனம் பிள்ளை. பிறகு பிள்ளை சொல்ல நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். கடைசியில் தனியே விடுங்கள். பொறுப்பை மெல்ல மெல்லக் கைமாற்றுகிற இந்த ஒழுங்கு முக்கியம். பெரும்பாலான வகுப்புகளில் முதற்படியும் கடைசிப்படியும் மட்டும் நடக்கின்றன, நடுவிலுள்ள இரண்டையும் நேரமில்லை என்று தாண்டிவிடுகிறோம்.

விளங்கவில்லை என்றால் பிள்ளை தானாகச் சொல்லாதா?

சொல்லாது, ஏனென்றால் பல பிள்ளைகளுக்குத் தங்களுக்கு விளங்கவில்லை என்பதே தெரியாது. எலன் மார்க்மன் 1979 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முன்னுக்குப் பின் முரணான பந்திகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அவற்றில் ஒன்று மீன்களைப் பற்றியது. கடலின் அடியில் வெளிச்சமே இல்லை, அங்கே நிறத்தைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, அங்குள்ள சில மீன்கள் நிறத்தைப் பார்த்து இரையை அறிகின்றன என்கிறது. 12 வயதை நெருங்கிய பிள்ளைகள்கூடப் பலர் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு வசனமும் தனித்தனியே விளங்கியது, அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவில்லை.

இதை நாங்களும் ஒரு விளையாட்டாகச் செய்யலாம். "சிறுபோகம் முடிந்து குளம் வற்றிக் கிடந்தது. பெடியள் குளத்தில் குதித்து நீந்தினார்கள்" என்று வாசித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் இருங்கள். யாராவது ஒரு பிள்ளை "ரீச்சர், அதெப்பிடி?" என்று கையைத் தூக்கினால் அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள். கையைத் தூக்கி "விளங்கேல்லை" என்று சொல்வது கெட்டித்தனம் என்ற எண்ணம் வகுப்பில் வர வேண்டும். அதைச் சொன்னதற்காக ஒருமுறை பேச்சு வாங்கிய பிள்ளை மறுமுறை வாய் திறக்காது.

தமிழில் குறிப்பாக எந்த இடங்களில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்?

நாங்கள் கதைக்கும் தமிழும் புத்தகத் தமிழும் வேறு. தரம் 1 இல் பாடப்புத்தகத்தைத் திறக்கும் பிள்ளை அரைவாசி புதிய மொழியைத்தான் சந்திக்கிறது. மூன்று இடங்களை நான் எப்போதும் கவனிப்பேன்.

முதலாவது, ஒரு வசனத்துக்குள் இன்னொரு வசனம் அடங்கியிருப்பது. "குளத்தைக் கட்டிய அரசனின் மகன் கோயிலைப் புதுப்பித்தான்." கோயிலைப் புதுப்பித்தது யார் என்று கேளுங்கள். கணிசமானோர் "அரசன்" என்பார்கள். கட்டியவர் ஒருவர், புதுப்பித்தவர் இன்னொருவர். வசனத்தை இரண்டாக உடைத்துச் சொல்லப் பழக்குங்கள்: "அரசன் குளம் கட்டினான். அவனுடைய மகன் கோயிலைப் புதுப்பித்தான்." நீளமான வசனத்தை உடைத்துச் சொல்லும் இந்தப் பழக்கம் தமிழ் வாசிப்புக்கு வேறெந்த உத்தியையும்விட அதிகம் உதவும் என்பது என் எண்ணம். புறநாட்டு வழிகாட்டிகளில் இதைக் காண முடியாது, அவர்களுடைய மொழிக்கு இந்தச் சிக்கல் இந்த வடிவில் வராது.

இரண்டாவது, இணைப்புச் சொற்கள். எனினும், ஆகையால், மாறாக, இருப்பினும் என்பவற்றை வீட்டில் ஒருவரும் பாவிப்பதில்லை. பிள்ளை அவற்றைத் தாண்டி வாசித்துவிடும். "மழை பெய்தது. எனினும்..." என்று நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று கேளுங்கள். "பயிர் செழித்தது" என்று சொல்கிற பிள்ளைக்கு "எனினும்" இன்னும் பிடிபடவில்லை. கரும்பலகையில் "எனினும் = ஆனாலும்" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காமல், வசனத்தை முடிக்கும் இந்த விளையாட்டை வாரத்தில் சில தடவை செய்யுங்கள்.

மூன்றாவது, எழுவாய் காணாமற் போவது. தமிழில் "போனாள், பார்த்தாள், அழுதாள்" என்று ஆளைச் சொல்லாமலே கதை நகரும். இரண்டு பெண்கள் வருகிற கதையில் அழுதது எவள் என்று பிள்ளைக்குக் குழப்பம் வரும். பென்சிலால் ஒவ்வொரு வினையின் மேலும் ஆளின் பெயரை எழுத வையுங்கள். பாடப்புத்தகத்தில் எழுதக்கூடாது என்பதால் பந்தியைக் கொப்பியில் பிரதி செய்துகொள்ளலாம்.

தெரியாத சொல் வந்தால் அகராதி பார்க்க வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் தேவையில்லை. அந்தச் சொல் இல்லாமல் கதை நடக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நடந்தால் தாண்டலாம். நடக்காவிட்டால் முன்பின் வசனங்களை வைத்து ஊகிக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் ஆளைக் கேட்கட்டும். பந்தி தொடங்குமுன் பத்துச் சொல்லுக்குப் பொருள் எழுதிக் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. கதையைத் திறக்கும் சொல் இரண்டோ மூன்றோ இருந்தால் அவற்றை மட்டும் படம் கீறியோ பொருளைக் காட்டியோ சொல்லிவிடுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு வெளியுலகம் தெரியாது என்பதால்தான் விளங்கவில்லையா?

ஓரளவு உண்மை. ஆனால் அதைப் பிள்ளையின் குறையாகப் பார்க்காதீர்கள். ரெக்ற், லெஸ்லி என்ற இருவர் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், பேஸ்போல் ஆட்டம் பற்றிய ஒரு பந்தியைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பலவீனமானவர்களாக இருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிடக் கூடுதலாக விளங்கிக்கொண்டார்கள். விடயம் தெரிந்தால் வாசிப்பு பாதி முடிந்தது.

மேலே உள்ள குளக்கட்டுப் பந்தியை வட்டக்கச்சிப் பிள்ளையிடம் கொடுங்கள், கொழும்புத் தொடர்மாடியில் வளரும் பிள்ளையிடமும் கொடுங்கள். இரணைமடுவின் வாய்க்காலில் குளித்து வளர்ந்த பிள்ளைக்கு "அரை அடி" உடனே விளங்கும். மற்றப் பிள்ளைக்கு வான் பாய்தல் என்றால் என்னவென்றே விளக்க வேண்டும். மாறாக, மின்தூக்கிக்குள் அகப்பட்டவரைப் பற்றிய கதையில் எங்கள் பிள்ளை திணறும். அதனால் பாடம் தொடங்குமுன் இரண்டு நிமிடம் அந்த விடயத்தைப் பற்றிக் கதையுங்கள். தேயிலைத் தோட்டம் பற்றிய பந்தி என்றால் ஒரு படம் காட்டுங்கள், மலைநாட்டில் குளிரும் என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். நீண்ட காலத்துக்கு இன்னொன்று வேண்டும்: சுற்றாடல், வரலாறு, விஞ்ஞானம் எதையும் கிரகித்தலுக்கு வெளியே உள்ள பாடமாக நினைக்காதீர்கள். அங்கே சேர்கிற அறிவுதான் இங்கே வேலை செய்கிறது.

உத்தி சொல்லிக்கொடுக்கத் தொடங்கும்போது பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த விடயத்தையே எடுங்கள். சூடடிப்பு, வலை இழுப்பு, வற்றாப்பளைப் பொங்கல், வயலுக்குள் யானை வந்த இரவு. விடயமும் புதிது, உத்தியும் புதிது என்றால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

என்ன மாதிரியான கேள்விகள் கேட்க வேண்டும்?

விடை எங்கே இருக்கிறது என்பதை வைத்துக் கேள்விகளைப் பிரிக்கும் ஒரு முறை உண்டு. ஒரே வசனத்தில் இருக்கும் விடை, இரண்டு மூன்று வசனங்களைச் சேர்த்தால் வரும் விடை, பந்தியையும் உன் அறிவையும் சேர்த்தால் வரும் விடை. விடையை எழுதுமுன் "இது எங்கே இருக்கும்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். பந்திக்குள்ளேயே எல்லாம் இருக்க வேண்டும் என்று நினைத்துத் தேடித்தேடிக் களைக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு கேள்வி பெரிய விடுதலை.

எங்கள் மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு, ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன் பற்றியது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல்லில், 1803 ஒக்ரோபர் 31 இல் கப்டன் வொன் டிறிபேர்க் இவ்விடத்தருகே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. யார் யாரைத் தோற்கடித்தார்? அது கல்லிலேயே இருக்கிறது. கல்லை நாட்டியது எந்தப் பக்கம்? கல்லில் இல்லை. ஆனால் மொழியையும், யாருடைய வெற்றி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்தால் தரம் 5 பிள்ளை சொல்லிவிடும். அடுத்தது: அதே ஆண்டு ஓகஸ்ட் 25 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான், அது ஏன் இந்தக் கல்லில் எழுதப்படவில்லை? இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் கதைப்பதை அவசரப்படாமல் கேளுங்கள். எழுதியவர் யார், எதை விட்டுவிட்டார் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை நாளைக்குப் பத்திரிகையையும் போனில் வருகிற செய்தியையும் அப்படியே விழுங்காது.

எனக்கே படிப்புக் குறைவு. நான் எப்படிப் பிள்ளைக்கு உதவுவது?

வன்னியில் இந்தக் கேள்வியைத் தலை குனிந்துகொண்டு கேட்கிறார்கள். தேவையே இல்லை. 2008, 2009 இல் புத்தகப் பையோடு இடம்பெயர்ந்து, மரநிழலில் படித்து, பிறகு முகாமில் படித்து, இடையில் படிப்பு முறிந்துபோன பிள்ளைகள்தான் இன்று தாய் தகப்பன்மார். அது அவர்கள் செய்த குற்றமல்ல.

பிள்ளையின் கிரகித்தலுக்கு நீங்கள் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சமைத்துக்கொண்டே கேட்கலாம்: "இண்டைக்கு என்ன கதை படிச்சனி? சொல்லு பாப்பம்." பிள்ளை சொல்லும்போது உண்மையாகவே விளங்காத இடத்தில் மறியுங்கள். "ஆர் போனது? ஏன் போனவன்? எனக்கு விளங்கேல்லை, வடிவாச் சொல்லு." உங்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்ற தேவையே பிள்ளையைப் புத்தகத்துக்குத் திரும்ப அனுப்பும். கதை தெரிந்துகொண்டே கேட்கிற ஆசிரியரைவிட, தெரியாமல் கேட்கிற அம்மம்மா இந்த வேலைக்குப் பொருத்தமானவர்.

அம்மம்மா சொல்கிற கதைகளும் வாசிப்புப் பயிற்சிதான். யார், எங்கே, என்ன சிக்கல் வந்தது, என்ன செய்தார்கள், எப்படி முடிந்தது என்ற கதையின் கட்டமைப்பைப் பிள்ளை காதால் பிடித்துக்கொள்கிறது. அதே கட்டமைப்பைப் பிறகு புத்தகத்தில் அடையாளம் காண்கிறது.

எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் குறைவு, இரண்டு மூன்று தரத்தை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கிறேன். என்ன செய்யலாம்?

உங்களுக்குத்தான் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் முறை வாய்ப்பானது. ஆன்மேரி பாலின்சார், ஆன் பிரவுன் என்ற இருவர் 1984 இல் எழுதிய ஆய்வு இந்தத் துறையில் பெரிதாகப் பேசப்பட்டது. எழுத்தை வாசிக்கத் தெரிந்தும் விளங்காத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து, நாலு வேலைகளை மாறி மாறிச் செய்ய வைத்தார்கள். சுமார் 20 நாட்களில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது.

நாலு வேலையும் இதுதான். ஒருவர் பந்தியைச் சுருக்கிச் சொல்வார். ஒருவர் ஆசிரியர் கேட்பது போல ஒரு கேள்வி கேட்பார். ஒருவர் விளங்காத சொல்லையோ இடத்தையோ எடுத்து எல்லோரோடும் சேர்ந்து தெளிவாக்குவார். ஒருவர் அடுத்த பந்தியில் என்ன வரும் என்று ஊகிப்பார். ஒவ்வொரு பந்திக்கும் வேலை மாறும்.

தரம் 5 பிள்ளை ஒன்று, தரம் 4 பிள்ளைகள் இரண்டு, தரம் 3 பிள்ளை ஒன்று என்று கலந்து உட்கார வையுங்கள். வேலையை எழுதிய மட்டைத் துண்டு ஆளுக்கொன்று கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பெரிய பிள்ளை எல்லாவற்றையும் தானே செய்துவிடும். முதல் வாரம் கேள்விகள் மிகவும் சாதாரணமாக இருக்கும்: "அவனுடைய பெயர் என்ன?" பரவாயில்லை. நீங்கள் குழுவில் போய் இருந்து ஒரு நல்ல கேள்வியைக் கேட்டுக் காட்டுங்கள்: "அவன் ஏன் தகப்பனுக்குச் சொல்லாமல் போனான்?" கொஞ்ச நாளில் "ஏன்" என்று தொடங்குகிற கேள்விகள் பிள்ளைகளிடமிருந்தே வரும். சுருக்கம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும். முழுக்கதையையும் திருப்பிச் சொல்லிக்கொண்டு போகிற பிள்ளையிடம், "பஸ் வெளிக்கிடப் போகுது, அதுக்குள்ள சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள்.

வகுப்பு சத்தமாக இருக்கும். அதிபரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. இதற்கெல்லாம் நேரம் எங்கே?

தாய்மார் படுகிற பதற்றம் எனக்குத் தெரியும். தரம் 4 இலேயே கடந்தகால வினாத்தாள் கட்டுகள் வந்துவிடுகின்றன, சனி ஞாயிறும் ரியூசன். வினாத்தாள் செய்வது பரீட்சையின் அமைப்பைப் பழக்கும், நேரத்தைப் பழக்கும். விளங்கும் திறனை அது தராது. ஒரு நாளைக்கு மூன்று வினாத்தாள் செய்து விடையைச் சரிபார்ப்பதைவிட, ஒரு வினாத்தாளைச் செய்து, பிழைத்த ஒவ்வொரு விடைக்கும் "நீ ஏன் இதைத் தெரிவு செய்தாய்?" என்று கேட்டால் கூடுதல் பலன் கிடைக்கும். கணக்குப் பகுதியில் வருகிற பிழைகளிலும் கணிசமானவை கேள்வி விளங்காததால் வருபவை. "எத்தனை மிஞ்சும்" என்பதற்கும் "எத்தனையால் கூட" என்பதற்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை கழித்தலில் கெட்டியாக இருந்து என்ன பயன்?

கதையில் வரும் சம்பவத்தை "உன் வாழ்க்கையோடு ஒப்பிடு" என்று கேட்கலாமா?

பயிற்சி நூல்கள் இதை ஒரு நல்ல உத்தியாகச் சொல்கின்றன, நல்ல உத்திதான். ஆனால் இங்கே கவனம் வேண்டும். அப்பா ஊருக்குத் திரும்பி வந்த கதை, கடலில் படகு கவிழ்ந்த கதை, வீட்டை விட்டுப் போன கதை எல்லாம் ஒரு சாதாரண வகுப்பில் சாதாரணக் கதைகள். எங்கள் வகுப்பில், வீட்டில் மாலை போட்ட படம் தொங்குகிற பிள்ளையும், காணாமற் போன பெரியப்பாவைப் பற்றித் தினமும் கேட்டு வளர்கிற பிள்ளையும் இருக்கிறது. இன்றைய பிள்ளைகள் போரைக் காணவில்லை, ஆனால் அது இருந்த வீட்டில் வளர்கிறார்கள்.

அதனால் "உனக்கு இப்படி நடந்ததா?" என்று ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேட்காதீர்கள். "இந்தக் கதையில் வருகிற பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். பாத்திரத்தின் மனதைப் பற்றிக் கதைப்பதும் அதே ஊகிக்கும் திறனைத்தான் வளர்க்கும். தானாகச் சொல்ல வருகிற பிள்ளையைச் சொல்ல விடுங்கள், கேளுங்கள், மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் மேலும் தோண்டாதீர்கள். ஒரு பிள்ளை ஒன்றும் எழுதாமல் வெற்றுத் தாளைத் தந்தால் அன்றைக்கு அதை வாங்கி வைத்துவிடுங்கள்.

வீட்டில் புத்தகமே இல்லை. எதை வாசிக்க வைப்பது?

பாடப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மேல் வகுப்புக்குப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகத்தை வாங்கி வைத்தாலே நாலைந்து பாடங்களின் வாசிப்பு கிடைத்துவிடும். ஊரிலுள்ள வாசிகசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ பத்திரிகை வந்தால், பிள்ளையைக் கூட்டிப்போய் ஒரு செய்தியை மட்டும் வாசிக்க வையுங்கள்.

பிறகு, வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கிருமிநாசினிப் போத்தலிலுள்ள எச்சரிக்கை, விதை நெல் பையிலுள்ள குறிப்பு, மருந்துச் சரையில் எழுதியிருப்பது, மின்சாரப் பட்டியல். மிதிவெடி அபாயப் பலகைகளை வாசித்து வளர்ந்த தலைமுறை இது. எழுத்தை விளங்காமல் வாசித்தால் என்ன ஆகும் என்று இங்கே ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. மருந்துச் சரையைக் காட்டி, "அம்மா இதை எப்ப போடோணும், சாப்பிட முன்னமோ பிறகோ?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளைக்குத் தன் வாசிப்பு வீட்டுக்கு உதவுகிறது என்று தெரியும். ஆனால் மருந்தைப் போடுமுன் பெரியவர் ஒருவர் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் கதை பார்ப்பது உதவுமா?

கேட்டு விளங்கும் திறனுக்கு உதவும், பார்த்த பிறகு யாராவது கதைத்தால். எழுத்தைத் தொடாததால் வாசிப்புக்கு ஈடாகாது.

எவ்வளவு காலம் செய்ய வேண்டும்? முன்னேற்றம் எப்படித் தெரியும்?

உத்திகளைச் சொல்லிக்கொடுக்க நாளுக்கு 15 நிமிடம் வீதம் சில வாரங்கள் போதும். அதையே வருடம் முழுவதும் தனிப் பாடமாக இழுக்க வேண்டாம். ஊகித்தல் ஒரு கிழமை, சுருக்குதல் ஒரு கிழமை என்று தனித்தனியே பிரித்து வைப்பதையும் நான் விரும்புவதில்லை. ஒரு பந்தியை வாசிக்கையில் எல்லாமே சேர்ந்துதான் நடக்கின்றன. பழக்கம் பிடித்த பிறகு நல்ல கதைகளும் நல்ல தகவல்களும் நிறைய வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

புள்ளி உடனே ஏறாது. வேறு அடையாளங்களைப் பாருங்கள். வாசிக்கும் வேகம் முதலில் கொஞ்சம் குறையும், பிள்ளை நின்று யோசிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போது அவசரப்படுத்தாதீர்கள். பிழையாக வாசித்த சொல்லைத் தானே திருத்திக்கொள்ளும். விடையைப் பந்தியிலிருந்து பிரதி செய்யாமல் தன் சொல்லில் எழுதும், அதில் எழுத்துப்பிழை கூடுதலாக இருக்கும். அந்த விடைக்குச் சிவப்புப் பேனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கருத்துக்குப் புள்ளி கொடுத்து, எழுத்துப்பிழையை வேறாகக் கதையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை பழையபடி பந்தியைப் பார்த்து எழுதுவதற்கே திரும்பிப் போய்விடும்.

ஆங்கிலப் பாடத்துக்கும் இதே முறை சரிவருமா?

சரிவரும். பந்தி ஆங்கிலத்தில் இருந்தாலும் அதைப் பற்றிய கதையைத் தமிழிலேயே நடத்துங்கள். தமிழில் நின்று யோசிக்கப் பழகிய பிள்ளை ஆங்கிலத்திலும் நின்று யோசிக்கும். அங்கே மேலதிகமாகத் தேவைப்படுவது சொற்கள்தான். அதற்கு, அந்தப் பிள்ளையின் தரத்துக்கு ஒன்றிரண்டு தரம் கீழே உள்ள ஆங்கிலப் புத்தகத்தில் தொடங்குங்கள்.